இருமல் இல்லாத பெண்

“உங்க மகள் எப்படிப்பட்ட பெண்?”

துரைசானி இங்கிலீஷில் கேட்டதை தமிழ் பேசத் தெரியாத லலிதாம்பாள் டீச்சர் மலாயில் திருப்பிச் சொன்னார். ஆரஞ்சு கிளாஸ் வைத்த தட்டோடு கமலவேணி அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பெண்ணுக்கு என்ன வயசு, எந்தப் பள்ளிக்கூடம், எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் இருந்தது. எப்படிப்பட்ட பெண் என்றால் என்ன சொல்வது?

துரைசானி சும்மா வந்தவரல்ல. பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பெண்களைப் பொறுக்கி எடுக்கக் கல்வி இலாகா அனுப்பியவர். பரீட்சையில் தேறி நேர்காணலும் முடிந்த பெண்களின் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பெற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கடைசி முடிவு சொல்வாராம். அன்று மலாக்காவில், காஜா பெராங் சடக்கோரத்து அந்தப் பலகை வீட்டுக்கு முன்னால் அவருடைய கார் வந்து நின்றபோது, அண்டை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை கண்கள். 

“அவளா?” என்று கடைத்தெருவில் கற்ற பசார் மலாயில் ஆரம்பித்தாள். “பெரிசா சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. அரிசி களையக்கூடத் தெரியாது. படிப்பும் ஏதோ சுமார்தான். உடம்பு எப்பவும் சாக்கிட். இருமல். நெஞ்சு பலவீனம்.”

டீச்சர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு துரைசானி பக்கம் திரும்பி இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். துரைசானியின் முகம் மாறியது. ஏதோ கேட்டார்.

“இருமல் நிஜமாவே இருக்கான்னு கேட்கிறாங்க.”

மரியாதைக்குக் கேட்கிறார் என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள். அதுதானே முறை? பிள்ளையைப் பெற்றவள் தாழ்த்திச் சொல்லுவாள். வந்தவர் “அப்படியெல்லாம் சொல்லாதீங்க, தங்கமான பொண்ணு” என்று எடுத்து நிறுத்துவார். பெற்றவள் மறுபடியும் மறுப்பாள். வந்தவர் சிரிப்பார். காப்பியைக் குடிப்பார். விஷயம் நல்லபடி முடியும்.

“ஆமாங்க. இருமல்தான்” என்று இன்னும் அழுத்திச் சொன்னாள்.

துரைசானி எடுத்து நிறுத்தவில்லை. சிரிக்கவுமில்லை. ஆரஞ்சில் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

கார்ச் சத்தம் அடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்து ருக்மணி வந்தாள். பதினேழு வயசு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் முதல் கிரேடு வாங்கியவள்.

“எனக்கு எப்பம்மா இருமல் வந்துச்சு?”

“அது ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுக்கா? அவங்க அதை நம்பிட்டாங்கம்மா! இருமல், நெஞ்சு பலவீனம்னா என்ன நினைப்பாங்க? டிபின்னு நினைப்பாங்க. டிபி உள்ள பொண்ணை ஹாஸ்டல்ல சேர்ப்பாங்களா?”

கமலவேணி தட்டைக் கீழே வைத்தாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. ஆனால் வந்ததெல்லாம் அந்தச் சொல்லின் அண்ணன் தம்பிகள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பாசாமி வேலை முடிந்து சைக்கிளைச் சாய்த்தபோது வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. அவர் ஜனங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் ஆட்களை மேய்க்கும் மண்டோர். முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து படியில் உட்கார்ந்தவரிடம் ருக்மணியே நடந்ததைச் சொன்னாள்.

“இருமலா? இவளுக்கா?” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இவ கத்துற கத்து அடுத்த ஊரு செங் வரைக்கும் கேக்குது. நெஞ்சு பலவீனமாம்!”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“சரி, விடு. நடந்ததும் நல்லதுக்குத்தான். பினாங்கு இல்லேன்னா மெட்ராஸ். அக்கா சீட்டு வாங்கி வைக்கிறேன்னு சொல்லிட்டுத்தானே இருக்கு.”

அக்கா என்றால் பொன்னம்மா, அப்பாசாமிக்கு மூத்தவர். மெட்ராசில் சொந்த வீடு. ஹாஸ்டல் செலவு வேண்டாம், சாப்பாட்டுச் செலவு வேண்டாம், பக்கத்திலேயே பெண்கள் காலேஜ், நான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாசம் தவறாமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவர். பொன்னம்மாவுக்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு மகனும் இருந்தான் என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இந்தப் பேச்சு பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் பல்கலைக்கழகம் என்று ருக்மணி முதலில் சொன்னாள். அதில் சேர இன்னும் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பையன்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், பிறகு செலவுக்கு எங்கே போவது என்று அது அன்றைக்கே அடிபட்டுப் போனது. பினாங்கு என்றால் செலவெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்கும் கொடுக்கும். ஆனால் படித்து முடித்ததும் அவர்கள் அனுப்புகிற ஊருக்குப் போய் வேலை செய்தாக வேண்டும்.

“திரெங்கானுவுல தூக்கிப் போட்டான்னா? கல்யாணமாகாத பொண்ணு, தமிழ் மூஞ்சி ஒண்ணு இல்லாத ஊர்ல தனியா குடியிருப்பாளா?” என்பார் அப்பாசாமி.

“மெட்ராஸ் மட்டும் பக்கத்து ஊரா? ஆகஸ்டுல மெர்டேக்கா வருது, சுதந்திரம் வருதுங்கிறாங்க. அதுக்கப்புறம் கப்பல்ல போனவங்களைத் திரும்பி வர விடுவாங்களா, மாட்டாங்களா? யாருக்காவது தெரியுமா?” என்பாள் கமலவேணி.

“நம்ம ஊருக்குப் போறதுக்கு எவன் தடுப்பான்?”

“போறதுக்குத் தடுக்க மாட்டான். வர்றதுக்குத்தான் கேக்குறேன். உங்களுக்கு அது ஊரு. அவளுக்கு இதுதானே ஊரு?”

அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். மீதியை அவள் சொல்ல மாட்டாள். போனால் காலேஜ் முடிவதற்குள் அங்கேயே தாலி ஏறிவிடும். பிறகு மகளின் முகத்தைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். கடைசியில் அப்பாசாமி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பினாங்கு கிடைத்தால் குறுக்கே நிற்க மாட்டேன், கிடைக்காவிட்டால் கப்பல். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் பேர் கொடுக்க வேண்டும்.

இன்றைக்குப் புதன்.

பினாங்குக்கு அல்லும் பகலும் வேண்டிக்கொண்டவளே அதைத் தன் வாயால் கெடுத்தாள். நுணல்கூட மழை வந்தால்தான் கத்தும். இவள் வெயிலிலேயே கத்திவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று கமலவேணிக்குத் தெரியாமலில்லை. ருக்மணிக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். கணேசமூர்த்தி. கொழுகொழுவென்று இருப்பான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாள் பொதுக் குழாயடியில் நின்றபோது, இளவயசுப் பெருமையில், “என் புள்ளைய பாருங்க, பொறந்ததிலேர்ந்து ஒரு நாள் சளி பிடிச்சதில்ல” என்று எல்லாப் பெண்களுக்கும் கேட்கச் சொன்னாள். அந்த வாரமே நெஞ்சு கட்டியது. மூச்சு விட முடியாமல் திணறி, மடியிலேயே போனான். ருக்மணி அப்போது வயிற்றில். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். பட்டது ஊரார் கண்ணல்ல, தன் வாய்தான் என்று கமலவேணி முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வெளியே விட்டதில்லை. முதல் கிரேடு வந்த அன்றுகூட, வாழ்த்த வந்தவர்களிடம், “என்னமோ தப்பா திருத்திட்டாங்க போல” என்றுதான் சொன்னாள். ருக்மணி எழுந்து உள்ளே போனதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பாசாமி சைக்கிளில் ஏறியதும், கமலவேணி புடவையை மாற்றிக்கொண்டு சிட்டிக் கம்பத்துக்கு நடந்தாள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சிட்டிகளின் அந்தக் குடியிருப்பில்தான் லலிதாம்பாள் டீச்சர் இருந்தார். பேரும் கோயிலும் நம்முடையவை. வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். மாரியம்மன் கோயிலில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. டீச்சர் சரோங் கெபாயா உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நேத்து நான் சொன்னது எதுவும் நிஜமில்ல” என்று வாசலிலேயே தட்டுத்தடுமாறி மலாயில் ஆரம்பித்துவிட்டாள்.

டீச்சர் புருவத்தை உயர்த்தினார். “தெரியுமே. உங்க மகளுக்கு நான் நாலு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். ஒரு நாள் இருமிக் கேட்டதில்லை.”

“தெரிஞ்சுமா அப்படியே சொன்னீங்க?”

“அக்கா, நீங்க பெண்ணை அனுப்ப விரும்பலைன்னு நினைச்சேன்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “போன வாரம் புக்கிட் ரம்பாய்ல ஒரு அம்மா மகளுக்கு வலிப்புன்னு சொன்னாங்க. புக்கிட் பாருவுல ஒருத்தருக்குத் தலைச்சுத்தல். வெள்ளைக்காரங்க முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லக் கூச்சப்பட்டு, தாய்மாருங்க நோவைத்தான் சொல்றாங்க. நீங்களும் அப்படித்தான்னு நினைச்சு உதவி பண்ணினேன். இருமல்னு நீங்க சொன்னீங்க. ‘ரொம்ப நாளா’ன்னு நான் ஒண்ணு சேர்த்தேன்.”

கமலவேணி ஒரு படி ஏறி அருகே வந்தாள்.

“ஐயோ டீச்சர்! கண்ணு படக்கூடாதுன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

“எங்க வீட்டிலும்தான் பிள்ளைங்களைப் புகழ மாட்டாங்க. கறுப்பு, குரங்குன்னு சொல்வாங்க. அதுக்காக நெஞ்சு நோவா சொல்றது?” என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.  பிறகு குடையை எடுத்தார். “வாங்க. துரைசானி நாளை மத்தியானம் வரைக்கும்தான் மலாக்காவில் இருப்பாங்க. நான் உளறினதும் இதில் சேர்ந்திருக்கு.”

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையின் அறையைத் துரைசானிக்குக் கொடுத்திருந்தார்கள். காற்றாடி சுற்றியது. கமலவேணிக்கு வேர்த்தது. டீச்சர் இங்கிலீஷில் வெகுநேரம் விளக்கினார். நடுவில் ‘திருஷ்டி’ என்ற சொல் மட்டும் அப்படியே வந்தது. துரைசானி பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

“நேற்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்கிறாங்க” என்றார் டீச்சர்.

“நேத்துதான்.”

“அப்போ உண்மையை உங்க வாயாலேயே சொல்லச் சொல்றாங்க. உங்க பெண் எப்படிப்பட்டவள்னு.”

மறுபடியும் அதே கேள்வி.

கமலவேணி வாயைத் திறந்தாள். அவளை அறியாமல் தமிழ்தான் வந்தது. “எம் பொண்ணு மாதிரி யாரும் இல்லீங்க. காலையில எழுந்து, நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள, ரெண்டு வாளித் தண்ணியும் கொண்டாந்து வச்சிருவா. வழியில ஒரு தடவை கீழ வைக்க மாட்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் அவதான் கணக்குச் சொல்லிக் குடுக்கிறா. அடிக்காம சொல்லிக் குடுப்பா. ஒருத்தன் எத்தனை தடவை தப்பாப் போட்டாலும் முகம் சுளிக்க மாட்டா. அவ அப்பாரு கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே அவகிட்டதான்...”

“அக்கா, அக்கா” என்று டீச்சர் கையைத் தொட்டார். “எனக்கே புரியலை. மலாயில சொல்லுங்க.”

மலாயில் மகளைப் புகழ அவளுக்கு என்ன தெரியும்? மீன் விலையும் காய்கறி விலையும் தெரியும். “குவாட்” என்றாள், புஜத்தைத் தட்டிக் காட்டி. பலசாலி. “பண்டாய்” என்றாள், நெற்றியைத் தொட்டு. கெட்டிக்காரி. “சாக்கிட் இல்லை. ஒரு நாளும் இல்லை.”

 அதே வார்த்தை. ஒரு நாளும் இல்லை. அந்தக் குழாயடியில் சொன்னதேதான். உடனே மூன்று முறை தூ தூ என்று துப்பிக் கழித்தாக வேண்டும். கீழே பார்த்தால் சிவப்புக் கம்பளம். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

துரைசானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரிடம் பேசினார்.

“உங்களை நம்பறாங்களாம். ஆனா காதில் விழுந்ததை விழலைன்னு வைக்க முடியாதாம். ஒரே அறையில் பல பெண்கள் படுக்கிற இடம். அதனால நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில நெஞ்சுப் படம் எடுத்து, டாக்டர் எழுதிக் கொடுக்கிறதை மத்தியானத்துக்குள்ள கொண்டு வரணும். சுத்தமா இருந்தா இடம் அவளுக்கு. இல்லேன்னா அடுத்த பெண்ணுக்கு.”

வெள்ளிக்கிழமை காலையில் தாயும் மகளும் குன்றின் மேலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். “மத்தியானம் சாப்பிட வருவேன். அதுக்குள்ள பினாங்கு கைக்கு வந்தா வந்தது. இல்லேன்னா நேரா ஏஜெண்டு ஆபீசுதான்” என்று அப்பாசாமி சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அவர் குரலிலும் தெம்பு இல்லை. வழியெல்லாம் ருக்மணி நாலடி முன்னால் நடந்தாள். மற்ற பெண்களுக்கெல்லாம் எடை, கண், காதோடு சரி. தனக்கு மட்டும் நெஞ்சுப் படம் என்பது அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் கைக்குட்டையில் முகம் புதைத்து இருமிக்கொண்டிருந்தார். நிஜ இருமல். கமலவேணி மகளைத் தன் பக்கம் இழுத்தாள். ருக்மணி கையை உதறிவிட்டாள்.

“ஒண்ணு கேக்குறேன். நிஜத்தைச் சொல்லு. என்னை மெட்ராசுக்கு அனுப்பணும்னுதானே அப்படிச் சொன்னே? அப்பாகிட்ட ஒரு மாதிரி, வெளியில ஒரு மாதிரி.”

“ஐயோ, இல்லடி!”

“அப்புறம் ஏன்? வேற யாராவது சொன்னாக்கூடப் பரவாயில்ல. நல்ல மார்க் வாங்கினா தப்பாத் திருத்திட்டாங்கங்கிற. நல்லா இருந்தா நோவுங்கிற. என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை உன் வாயில வந்ததே இல்ல. அப்படி என்னம்மா செஞ்சேன் உனக்கு?”

கமலவேணி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு கணேசமூர்த்தியைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் ஒருவன் இருந்து போனான் என்பதுதான் ருக்மணிக்குத் தெரியும். குழாயடி தெரியாது. என்ன சொன்னாள் என்று தெரியாது. அவன் மூச்சுக்கு எப்படித் திணறினான் என்று தெரியாது. “என் வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வந்தா உனக்கு ஆகாதுன்னு நினைச்சேன். அதனாலதான் எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டேன்” என்று முடிப்பதற்குள் கதவு திறந்தது.

“ருக்மணி, அப்பாசாமி மகள்!”

அவள் எழுந்து போனாள். முகத்தைக் காட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் கமலவேணிக்குப் பொழுது நகரவே மறுத்தது. புதனன்று இல்லாத நோவைச் சொன்னாள். வியாழனன்று இல்லை என்று சொன்னாள். இரண்டில் எது பலிக்கும்? நோவென்று சொன்னது பலித்தால் படத்தில் ஏதாவது தெரியும். இல்லவே இல்லை என்று பீற்றிக்கொண்டது கண்ணாய் விழுந்தாலும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம். போன மாசம் மிளகாய் தாளித்தபோது ருக்மணி இருமினாளே, அது தாளிப்புக்குத்தானா? மழையில் நனைந்து வந்த அன்று மூக்கை உறிஞ்சினாளே? படம் எடுக்கும் அறைக்குள் ஏதோ ஒரு மிஷின் கறகறவென்று ஓடி நின்றது. நர்ஸ் ஒருத்தி உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி போனாள். ஏன் இவ்வளவு தடவை போகிறாள்? டாக்டரின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. மாரியம்மா, உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் டாக்டருக்கு உதவியாக இருந்த, வெள்ளைச் சட்டை போட்ட தமிழ் டிரஸ்ஸர்.

“நீங்கதான் அம்மாவா? யார் இந்தப் பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொன்னது?”

கமலவேணி அவருக்குப் பின்னால் மகளைத் தேடினாள்.

“எவனாவது வேலையத்தவனா இருப்பான்” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “கண்ணாடி மாதிரி இருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. கூட்டிட்டுப் போங்க.”

அவருக்குப் பின்னால் ருக்மணி வந்தாள். ஒரு பெரிய உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண் காட்டியது. எதற்காக அழுதாள், யாருக்காக அழுதாள் என்று தெரியவில்லை. தாய்க்கு எதிரே வந்து நின்றாள். கமலவேணி பெஞ்சை விட்டு எழவில்லை.  மகள் ஏதாவது சொல்லுவாள் என்று அண்ணாந்து பார்த்தாள். திட்டினாலும் சரி.

ருக்மணியின் உதடு ஒரு முறை பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. தாயின் தோளிலிருந்து சரிந்து தரையில் புரண்டுகொண்டிருந்த முந்தானையைக் குனிந்து எடுத்து அவள் மடியில் போட்டாள். நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கி, வெயிலில், துரைசானி காத்திருந்த பள்ளிக்கூடத்தை நோக்கிச் சரிவில் வேகவேகமாக நடந்தாள்.